தீம் பார்க் படங்கள்: முதலில் ஷட்டர், மற்றதெல்லாம் அப்புறம்

கேள்வி இது: "குடும்பத்தோடு தீம் பார்க் போகிறோம். போன முறை எடுத்ததில் மதியப் படங்களில் எல்லோர் முகமும் கருப்பு. இருட்டுக்குள் ஓடும் சவாரிகளில் எல்லாமே கலங்கல். இரவில் விளக்குகள் வெறும் வெள்ளைத் திட்டு. கேமராவில் என்ன செட்டிங் வைக்க வேண்டும்?"

எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே செட்டிங் கிடையாது. உச்சி வெயிலில் நிற்கும் கோபுரத்துக்கும், பத்தடி தள்ளி இருட்டுக்குள் நுழையும் சவாரிக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு ஸ்டாப் வித்தியாசம் இருக்கிறது. ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. பத்து ஸ்டாப் என்றால் ஆயிரம் மடங்கைத் தாண்டும். நம் கண் தானாகவே பழகிக்கொள்வதால் அந்த வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை. கேமராவுக்கு உறைக்கும்.

அதனால் எண்களை மனப்பாடம் செய்வதைவிட, எதை முதலில் முடிவு செய்வது என்ற வரிசையைப் பழகிக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டிலோ மலைக்காட்சியிலோ அபெர்ச்சரை, அதாவது லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையின் அகலத்தை, முதலில் யோசிப்பார்கள். தீம் பார்க்கில் எதுவுமே சும்மா நிற்பதில்லை. சவாரி ஓடுகிறது, தண்ணீர் தெறிக்கிறது, குழந்தை ஓடுகிறது, நீங்கள் உட்கார்ந்திருக்கும் வண்டியும் ஆடுகிறது. ஆகவே முதலில் ஷட்டர், அதாவது வெளிச்சம் எவ்வளவு நேரம் உள்ளே விழுகிறது என்பது. அடுத்து, படத்தில் எந்த வெளிச்சம் வெளுத்துப்போகக் கூடாது என்பது. மிச்சத்தை ஐஎஸ்ஓவிடம், அதாவது வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறனிடம், விட்டுவிடலாம். அதாவது ஷட்டரை மட்டும் நாம் வைக்கும் ஷட்டர் முன்னுரிமை மோடு, கூடவே தானியங்கி ஐஎஸ்ஓ. பார்க்கில் என் கேமரா பகலெல்லாம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். எல்லாவற்றையும் கையாலேயே வைக்கும் முழு மேனுவலில் சுற்றி ஒருமுறை பட்டிருக்கிறேன்: இருட்டுச் சவாரியில் ஐஎஸ்ஓ 6400 வைத்தவன், வெளியே வந்ததும் மாற்ற மறந்து அக்கா மகளை முப்பது படம் எடுத்தேன். முப்பதிலும் வெள்ளைக் காகிதத்தில் இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன.

இனி மதியம். வெயில் தலைக்கு நேர் மேலே இருக்கும்போது புருவ நிழல் கண்ணில் விழும், தொப்பி போட்டிருந்தால் பாதி முகமே போய்விடும். இதைச் செட்டிங்கால் முழுதாகச் சரிசெய்ய முடியாது, ஆளைத்தான் நகர்த்த வேண்டும். கூரை, வளைவு, மரம், பெரிய சுவர், எதன் நிழலாக இருந்தாலும் சரி, உள்ளே ஆழமாகப் போகாமல் நிழலின் விளிம்பில், வெளிப்பக்கம் பார்த்தபடி நிறுத்துங்கள். எதிரே வெயிலில் கிடக்கும் வெளிர்நிறத் தரை முகத்துக்குக் கீழிருந்தும் முன்னாலிருந்தும் மெதுவான வெளிச்சம் தரும். இலைகள் அடர்த்தியில்லாத மரமாக இருந்தால் முகத்தில் பொட்டுப் பொட்டாக வெயில் விழுகிறதா என்று மட்டும் பாருங்கள். அந்தப் பொட்டுகளை எடிட்டிங்கிலும் எடுப்பது பெரும்பாடு.

நிழலே இல்லாத இடமானால் சூரியனை அவர்கள் முதுகுக்குக் கொண்டுபோய்விடுங்கள். வெயிலைப் பார்க்கச் சொன்னால் எல்லோரும் கண்ணைச் சுருக்கித்தான் நிற்பார்கள். முதுகில் வெயில் விழும்போது முடியோரம் ஒளிக்கோடு கிடைக்கும், ஆனால் முகம் இருண்டுவிடும். இங்கே இரண்டு வழி. ஒன்று, கேமராவின் கணக்கைவிடப் படத்தை வெளிச்சமாக்கவோ இருட்டாக்கவோ உதவும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை கூட்டல் 1 வரை ஏற்றி, பின்னணி வானம் வெளுத்தாலும் பரவாயில்லை என்று விட்டுவிடுவது. இன்னொன்று ஃப்ளாஷ். பட்டப்பகலில் ஃப்ளாஷா என்று சிரிப்பார்கள், ஆனால் ஃப்ளாஷ் மிகவும் உதவுவது பகலில்தான். ஒரே நிபந்தனை: பெரும்பாலான கேமராக்களில் ஃப்ளாஷோடு ஷட்டர் 1/200 அல்லது 1/250 விநாடியைவிட வேகமாகப் போகாது. அந்த ஷட்டரில் வெயில் வெளுக்காமல் இருக்க, ஐஎஸ்ஓவை 100 ஆக்கி அபெர்ச்சரை எஃப் 11 பக்கம் மூட வேண்டியிருக்கும் (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்). சின்ன ஃப்ளாஷின் வெளிச்சம் அவ்வளவு மூடிய அபெர்ச்சரில் இரண்டு மீட்டர் தாண்டினாலே நைந்துவிடும், பக்கத்தில் நின்று எடுங்கள்.

கட்டடங்களுக்கு எந்தப் பக்கம் வெயில் விழும் என்று முன்கூட்டியே பார்த்து வைக்கலாம். கலிஃபோர்னியாவில் 1955இல் திறந்த டிஸ்னிலாண்டின் கோட்டையும் சரி, ஃப்ளோரிடாவின் மேஜிக் கிங்டம் கோட்டையும் சரி, தெற்குப் பார்த்து நிற்பவை. பூமியின் வடபாதியில், வெப்பமண்டலத்துக்கு வெளியே, சூரியன் நடுப்பகலில் தெற்கு வானத்தில்தான் இருக்கும். அதனால் பகலில் பெரும்பகுதி நேரம் அவற்றின் முகப்பில் வெளிச்சம் விழுகிறது. நீங்கள் போகும் பார்க்கின் முக்கியக் கட்டடம் கிழக்குப் பார்த்ததா, மேற்குப் பார்த்ததா என்று வரைபடத்தில் முதல்நாளே பார்த்துவிடுங்கள். கிழக்கு என்றால் திறந்தவுடன் எடுத்து முடித்துவிடுங்கள். மேற்கு என்றால் சாயங்காலத்துக்குத் தள்ளிப்போடுங்கள். எந்தச் செட்டிங்கும் இந்த ஐந்து நிமிட வேலைக்கு ஈடாகாது.

வெளிச்சத்தை அளக்கும் கேமரா மீட்டரைப் பற்றி ஒரு விஷயம். அதற்குக் கோட்டையும் தெரியாது, குகையும் தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். வெள்ளைக் கோட்டையைப் படம் முழுக்க வைத்தால் அது அழுக்கு வெள்ளையாக வரும், அங்கே கூட்டல் பக்கம் போக வேண்டும். கருப்புத் திரைக்கு முன் நிற்கும் நடிகரைக் காட்டினால் திரையைச் சாம்பலாக்க முயன்று நடிகர் முகத்தை வெளுத்துவிடும், அங்கே கழித்தல் பக்கம். வெள்ளைக்குக் கூட்டு, கருப்புக்குக் கழி. முதலில் தலைகீழாகத்தான் தோன்றும், நாலு முறை செய்தால் கை பழகிவிடும். வெளுத்த இடங்கள் மினுக்கும் எச்சரிக்கை உங்கள் கேமராவில் இருந்தால் அதைப் போட்டு வையுங்கள். மேகம் மினுக்கினால் கவலை வேண்டாம், முகம் மினுக்கினால் திரும்ப எடுங்கள்.

அடுத்தது ரோலர் கோஸ்டர். எந்த ஷட்டர் என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு கணக்கைத்தான் காட்டுவேன். வண்டி மணிக்கு 90 கிமீ வேகத்தில் போனால் ஒரு விநாடிக்கு 25 மீட்டர். 1/250 விநாடியில் அது 10 செமீ நகர்ந்துவிடும், அதாவது ஒரு முகம் பாதிக்கு மேல் இழுபட்டுவிடும். 1/1000இல் இரண்டரை செமீ, 1/2000இல் ஒன்றேகால் செமீ. குறுக்கே பாயும் வண்டிக்கு 1/2000 கேட்பது இதனால்தான். நல்ல வெயிலில் இது சிரமமே இல்லை. ஐஎஸ்ஓ 400, எஃப் 8 வைத்தால் 1/1600 தானாகவே கிடைக்கும். வெயிலில் எஃப் 16 வைத்தால் ஷட்டர் ஒன்றின் கீழ் ஐஎஸ்ஓ (ஐஎஸ்ஓ 400க்கு 1/400) என்ற பழைய ஃபிலிம் காலத்துக் கணக்கிலிருந்து வருவது இது. இன்றைக்கும் பிசகாது.

ஆனால் வண்டி எப்போதும் ஒரே வேகத்தில் போவதில்லை. சங்கிலி இழுத்துக்கொண்டு உச்சிக்கு வந்து, சரியப்போகிற அந்தக் கணத்தில் அது தவழும், அங்கே 1/500 போதும். முகங்களும் அங்கேதான் பார்க்கும்படி இருக்கும்: கீழே வரும்போது எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்கள், உச்சியில் கண் விரிந்திருக்கும். உங்களை நோக்கி நேரே வரும் வண்டிக்கும் குறுக்கே போவதற்குத் தேவையான அளவு வேகமான ஷட்டர் வேண்டியதில்லை. தண்டவாளத்தில் ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு, முன் வண்டி போகும்போதே அங்கே ஃபோகஸ் செய்து பூட்டிவிட்டு, உங்கள் வீட்டார் இருக்கும் வண்டிக்குக் காத்திருங்கள். வண்டி வந்த பிறகு ஃபோகஸ் தேடினால் கடைசிப் பெட்டியின் முதுகுதான் கிடைக்கும்.

எல்லாவற்றையும் உறைய வைப்பதும் சரியில்லை. குடை ராட்டினத்தை 1/1000இல் எடுத்துப் பாருங்கள், ரிப்பேராகி நின்றுபோன ராட்டினம் போல இருக்கும். அதற்கு 1/15 முதல் 1/30 வரை வைத்து, குதிரையில் உட்கார்ந்த குழந்தையோடு சேர்ந்து இடுப்பிலிருந்து கேமராவைத் திருப்பிக்கொண்டே எடுக்க வேண்டும். குழந்தை ஓரளவு தெளிவாகவும் பின்னணி முழுக்கக் கோடுகளாகவும் வரும். பத்தில் எட்டு வீணாகும், அது எல்லோருக்கும் அப்படித்தான். பகல் வெயிலில் இவ்வளவு மெதுவான ஷட்டர் படத்தை வெளுத்துவிடும் என்பதால் இதை நிழலிலோ மாலையிலோ வைத்துக்கொள்ளுங்கள். ராட்டினத்துக்குள்ளேயே எதிர்க் குதிரையில் நீங்கள் ஏறிக்கொண்டால் வேலை இன்னும் சுலபம்: குழந்தையும் நீங்களும் சேர்ந்தே சுற்றுவதால் திருப்பவே தேவையில்லை, உலகம் மட்டும் கலங்கும்.

தண்ணீர்ச் சறுக்கலில் ஷட்டரைவிட எங்கே நிற்கிறீர்கள் என்பது முக்கியம். துளிகள் பின்னாலிருந்து வெயில் பட்டால்தான் மின்னும். சூரியன் எதிர்ப்பக்கம், துளிகளுக்குப் பின்னால் இருண்ட மரமோ பாறையோ, ஷட்டர் 1/2000. முன்னாலிருந்து வெயில் விழுந்தால் அதே தண்ணீர் சாம்பல் புகை மாதிரித்தான் தெரியும்.

இருட்டுச் சவாரிக்கு வருவோம். அதிகப் பேர் தோற்கிற இடம் இதுதான், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலில் ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள், ஃபோகஸ் உதவி விளக்கையும் சேர்த்து. மற்றவர்களுக்குத் தொந்தரவு, பெரும்பாலான பார்க்குகளில் தடையும் உண்டு. அதைவிட, ஃப்ளாஷ் அடித்தால் மாயமே போய்விடும். பச்சையும் ஊதாவுமாக நுணுக்கி அமைத்த வெளிச்சத்தை அழித்து, பின்னால் இருக்கும் பெயின்ட் அடித்த பலகையை உங்களுக்குக் காட்டும்.

லென்ஸ் விஷயத்தில் இங்கே சமரசம் இல்லை. எஃப் 1.8 அல்லது எஃப் 2 அகலமுள்ள ஜூம் இல்லாத லென்ஸ் வேண்டும், கேமராவோடு வரும் சாதாரண ஜூம் லென்ஸ் தள்ளாடும். எஃப் 5.6ஐவிட எஃப் 1.8 மூன்று ஸ்டாப்புக்கு மேல், அதாவது பத்து மடங்கு அளவுக்கு, வெளிச்சத்தை உள்ளே விடும். வாசலில் நிற்கும்போதே ஷட்டர் 1/60, வண்டி வேகமானதென்றால் 1/125, ஐஎஸ்ஓ உச்சவரம்பு 6400 என்று வைத்துக்கொள்ளுங்கள். 'நாய்ஸ் வருமே', அதாவது படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியுமே என்று ஐஎஸ்ஓவை 800இல் நிறுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நாய்ஸை மென்பொருள் குறைக்கும், கலங்கலை எதுவும் மீட்காது. லென்ஸிலும் கேமராவிலும் இருக்கும் நடுக்கம் தடுக்கும் வசதியையும் இங்கே நம்ப வேண்டாம். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், வண்டி நகர்வதையும் பொம்மை கையை ஆட்டுவதையும் பிடிக்காது.

எக்ஸ்போஷர் காம்பென்சேஷன் கழித்தல் 1, சில காட்சிகளுக்குக் கழித்தல் 2. அங்கே இருட்டு இருட்டாகத்தான் இருக்க வேண்டும், மீட்டர்தான் அதைப் பகலாக்கப் பார்க்கிறது. கழிப்பதில் இன்னொரு லாபம், அதே வெளிச்சத்தில் வேகமான ஷட்டரோ குறைந்த ஐஎஸ்ஓவோ கிடைக்கும். ஒற்றை விளக்கின் கீழே பொம்மை நின்றால் ஸ்பாட் மீட்டருக்கு மாறி அதன் முகத்தை மட்டும் அளக்கலாம். புற ஊதா விளக்கில் ஒளிரும் காட்சிகளில் வண்ணங்கள் சீக்கிரம் வெளுத்துச் சாயம் போன மாதிரி ஆகிவிடும், அங்கே கழித்தல் இன்னும் கொஞ்சம் கூடலாம். ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்தால் வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் ஒரு விளிம்பைக் காட்டுங்கள், பிடித்துக்கொள்ளும். வண்டி திருப்பத்தில் மெதுவாகும்போதும், காட்சிக்கு முன் நின்று திரும்பும்போதும் தொடர்ந்து நாலைந்து அடியுங்கள். அதில் ஒன்றாவது நிற்கும்.

போனில் எடுப்பவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. நைட் மோடு ஒரு விநாடி, இரண்டு விநாடி என்று பல படங்களை எடுத்து ஒன்றாக்குகிறது. நிற்கிற இடத்தில் அது அற்புதம், ஓடுகிற வண்டியில் வெறும் கஞ்சி. சவாரியில் அதை அணைத்துவிட்டு, பிரதான லென்ஸில், அதாவது 1 மடங்கில், ஜூம் செய்யாமல் எடுங்கள். பெரும்பாலான போன்களில் நல்ல சென்சாரும் அகலமான அபெர்ச்சரும் அந்த லென்ஸுக்குத்தான் கொடுத்திருப்பார்கள்.

குளிரூட்டிய இடத்திலிருந்து வெளியே வந்தவுடன் லென்ஸ் பனித்துப்போகும், துடைத்தாலும் மறுபடி பனிக்கும். வெளியே வரும்முன் கேமராவைப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடி, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுவிடுங்கள். ஊர்வலம் தொடங்க இரண்டு நிமிடம் இருக்கும்போது இதைக் கற்றுக்கொண்டவன் நான்.

ஊர்வலத்துக்குப் பகலில் 1/250, குதித்து ஆடுகிறவர்களுக்கு 1/500. இரவு ஊர்வலத்தில் வேறு தொல்லை உண்டு: விளக்குகள் துடிக்கும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும், 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 120 முறை. அதைவிட வேகமான ஷட்டர் வைத்தால் ஒரு படம் பிரகாசமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும், அல்லது குறுக்கே பட்டை விழும். 1/100, 1/50 அல்லது 1/120, 1/60 பக்கம் நின்றால் பெரும்பாலும் தப்பிக்கலாம். மங்கலாக்கப்பட்ட எல்இடி விளக்குகளின் துடிப்பு வேறு கணக்கு. அங்கே பட்டை தெரிந்தால் எலெக்ட்ரானிக் ஷட்டரிலிருந்து மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறிப் பாருங்கள்.

ஒரு நாளில் ஒரே ஒரு இருபது நிமிடத்தைத்தான் நான் எதற்கும் விட்டுத்தர மாட்டேன். சூரியன் மறைந்து, வானம் ஆழ்நீலமாகி, பார்க் விளக்குகள் எரியத் தொடங்கும் நேரம். வானத்தின் வெளிச்சமும் விளக்கின் வெளிச்சமும் அப்போது ஏறக்குறைய சமம். அதனால் ஒரே எக்ஸ்போஷரில் இரண்டும் பிடிபடும். உங்கள் இரவுப் படங்கள் வெள்ளைத் திட்டாக வந்ததற்குக் காரணம், வானம் முழுக்கக் கருத்த பிறகு எடுத்ததுதான். கருத்த வானத்தைப் பார்த்து மீட்டர் எக்ஸ்போஷரைக் கூட்டுகிறது, விளக்குகள் எரிந்துபோகின்றன. நிலநடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் இந்த நேரம் வேகமாக முடிந்துவிடும், வடக்கே போகப் போக நீளும். அந்த நேரத்தில் சவாரி வரிசையில் நிற்காதீர்கள். இடத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருங்கள்.

ராட்சத ராட்டினத்தின் ஒளிச்சக்கரப் படத்துக்கும் இதுதான் நேரம். ஐஎஸ்ஓ 100, எஃப் 8 முதல் 11, ஷட்டர் சில விநாடிகள். எத்தனை விநாடி? ராட்டினம் ஒரு சுற்றுச் சுற்ற எவ்வளவு நேரம் என்று பார்த்து, ஆரக்கால்களின் எண்ணிக்கையால் வகுத்துவிடுங்கள். 20 விநாடியில் சுற்றும் ராட்டினத்துக்கு 16 ஆரக்கால் என்றால் ஒன்றேகால் விநாடியிலேயே ஒரு கால் அடுத்த காலின் இடத்தைத் தொட்டுவிடும், வட்டம் நிரம்பிவிடும். அதற்கு மேல் நீட்டினால் வானம் வெளுக்குமே தவிர வேறொன்றுமில்லை. ஆனால் லண்டன் ஐ போன்றவை ஒரு சுற்றுக்கு 30 நிமிடம் எடுப்பவை, விநாடிக்கு 26 செமீதான் நகரும். அதன் முன் நான்கு விநாடி ஷட்டரைத் திறந்து வைத்து, ஏன் சுழல் வரவில்லை என்று கேமராவைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

ட்ரைபாடைப் பல பார்க்குகள் அனுமதிப்பதில்லை, அல்லது சின்னதை மட்டும் அனுமதிக்கின்றன. செல்ஃபி குச்சியை டிஸ்னி பார்க்குகள் 2015இலேயே தடை செய்துவிட்டன. போகுமுன் விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டாலும் மோசமில்லை: கைப்பிடிச் சுவர், குப்பைத் தொட்டியின் மேல்மூடி, மடித்து வைத்த பை, இரண்டு விநாடி டைமர். எனக்கு இவையே போதுமாக இருந்திருக்கின்றன.

வாணவேடிக்கைக்கு முழு மேனுவல். இங்கே கணக்கு வேறு மாதிரி: வெடியின் பொறி நகர்ந்துகொண்டே இருப்பதால் அதன் நிறத்தின் அடர்த்தியை அபெர்ச்சரும் ஐஎஸ்ஓவும் தீர்மானிக்கின்றன, எத்தனை வெடிகள் படத்தில் விழும் என்பதைத்தான் ஷட்டர் தீர்மானிக்கிறது. ஐஎஸ்ஓ 100, எஃப் 11, இரண்டு முதல் நான்கு விநாடி என்று தொடங்குங்கள். பொறிகள் வெள்ளையாக இருந்தால் ஷட்டரைத் தொடாமல் அபெர்ச்சரை மூடுங்கள். கீழே கோட்டையும் பிரகாசமாக ஒளிர்ந்தால் அது நகராத பொருள், ஷட்டரைக் குறைத்தால்தான் அது அடங்கும். ஃபோகஸைத் தூரத்து விளக்கொன்றில் பிடித்து மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். காற்று உங்கள் முதுகிலிருந்து வீசும் பக்கம் நில்லுங்கள், புகை விலகிப் போகும். அப்படியும் கடைசிக் கட்டத்தில் வானம் புகைமூட்டமாகத்தான் இருக்கும், நல்ல படம் முதல் சில நிமிடங்களிலேயே கிடைத்துவிடும். போன் என்றால் வெளிச்சமான இடத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள்.

நிறத்தைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம், ரா (RAW) எனும் பதப்படுத்தாத கோப்பாக எடுத்தால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். வழக்கமான ஜேபெக்தான் என்றால் இரவில் நிறத்தைச் சமன்செய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் 4000 கெல்வின் பக்கம் நிறுத்துங்கள், படத்துக்குப் படம் நிறம் தாவாது.

வாணவேடிக்கை முடிந்ததும் எல்லோரும் வாசலுக்கு ஓடுவார்கள். பார்க் மூடும் நேரம்வரை பொறுத்திருக்க முடிந்தால் இருங்கள். கேமராவைச் சுவர்மேல் வைத்து, ஐஎஸ்ஓ 100, எஃப் 16, எட்டு விநாடி. நடந்து போகிறவர்கள் படத்தில் கரைந்துவிடுவார்கள், தெரு மட்டும் நிற்கும். அன்றைக்கு மழை பெய்து தரை ஈரமாக இருந்தால் கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்குங்கள், எல்லா விளக்கும் இரண்டாகும்.